சுவரைத் தொடாத அலமாரி

மனையியல் படிப்பின் கடைசி வருஷத்தில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்று சொல்வதே தப்பு. யாரும் எதையும் கொடுக்கவில்லை என்பதுதான் அந்த வேலையின் விசேஷம். வீட்டு உள் அமைப்பு என்பது பாடம். அதற்குத் தலைப்பை நாமே தேட வேண்டும், ஒரு இடத்தை நாமே பிடிக்க வேண்டும், அங்கே இருப்பவர்களுக்கு என்ன தேவை என்று நாமே கேட்டு எழுத வேண்டும், பத்து வாரத்தை நாமே பிரித்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தோடு நின்றுவிடாமல் கடைசியில் ஏதாவது ஒன்றைச் செய்தும் காட்ட வேண்டும். பேராசிரியை மூன்று தடவைதான் பார்ப்பார். "இனிமே உங்க கால்ல நீங்க நில்லுங்க" என்று அவர் சொன்னபோது வகுப்பே குதூகலித்தது. நான் மட்டும் பத்து வாரத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் தோழிகளுக்கு இடம் தேடுவதில் கஷ்டமே இருக்கவில்லை. ஒருத்தி தெரிந்த டாக்டர் வீட்டு வரவேற்பறையை எடுத்துக்கொண்டாள். இன்னொருத்தி நகைக்கடை. மூன்றாமவள் ஓட்டல் முகப்பு என்று சொல்லி, வாராவாரம் அங்கே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தாள். நான் கடம்பத்தூரில் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பெண். எங்களுக்குத் தெரிந்தவர்கள் யார் வீட்டிலும் வரவேற்பறை என்று ஒன்று கிடையாது. எங்கள் வீட்டில் நாற்காலியே இரண்டுதான். அதில் ஒன்றின் மேல் எப்போதும் மடிக்காத துணி கிடக்கும். ஆனால் அறைகளுக்குக் குறைவில்லை. நெல் மூட்டை அடுக்கிய உள்ளறைக்குள் போய், கோபம் வந்தாலும் பரீட்சை வந்தாலும் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். சாப்பாட்டு நேரத்துக்கு யாராவது வந்து தட்டுவார்கள். கதவைச் சாத்திக்கொள்வது ஒரு வசதி என்றே எனக்குத் தோன்றியதில்லை. மூச்சு விடுவதை யார் வசதி என்று நினைக்கிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கும்மிடிப்பூண்டியில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றின் அலுவலகத்தில் இருந்தார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. அந்தப் பக்கம் ஒரு வயலில் நடவு நடக்கும், பக்கத்து வயலில் கம்பெனிக்காரர்கள் கல் நட்டுக்கொண்டிருப்பார்கள். ஆலைத் தொழிலாளர்களுக்குப் புதிதாக வரிசை வீடுகள் கட்டியிருப்பதாக அவர் சொன்னார். வீட்டுக்கு ஒரே அறை, ஓரமாக ஒரு சமையல் சாய்ப்பு. "பங்களாவை யாரு வேணா அழகு பண்ணலாம். ஒரு ரூம்ல நாலு பேரு கீற எடத்தை அழகு பண்ணு பாப்போம்" என்றார். எனக்கு அந்த வயதில் ரோஷம் கொஞ்சம் அதிகம். சரி என்று சொல்லிவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பித்தேன்.

சனிக்கிழமைதோறும் போவது என்று வைத்துக்கொண்டேன். கடம்பத்தூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறுவேன். மீஞ்சூர் தாண்டினால் வண்டியில் மீன் கூடையும் நானும்தான் இருப்போம். வரைவதற்கான நீளக் கட்டையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருப்பேன். "இன்னாமா அது, தறிக் கட்டையா?" என்று ஒரு கூடைக்காரம்மா கேட்டார். வீட்டுக்குள்ளே சாமான்களை எப்படி வைப்பது என்று படிக்கிறேன் என்றேன். அதற்கெல்லாமா காலேஜ் என்று அவர் கேட்கவில்லை, ஆனால் முகம் கேட்டது.

நான் பிடித்த வீட்டில் நாலு பேர். உருட்டாலையில் உலைக்குப் பக்கத்தில் வேலை செய்யும் அண்ணன். அவர் மனைவி, என்னைவிட மூன்று நாலு வயது பெரியவள், அவளை அக்கா என்பேன். அண்ணனின் அப்பா, அம்மா. அவர்களைப் பெரியப்பா, பெரியம்மா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குப்பத்திலிருந்து வந்தவர்கள். அண்ணனுக்கு வேலை கிடைத்த கையோடு, பெரியப்பாவுக்கும் அதே ஆலையில் ராத்திரிக் காவல் வேலை கிடைத்தது. வலையை யாருக்கோ கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள்.

அந்த அக்காவுக்கு வேண்டியது என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கண்டுபிடிக்க ஏழு வாரம் ஆனது என்பதற்காக, படிப்பவர்களையும் ஏழு வாரம் காக்க வைப்பது நியாயமில்லை. யார் கண்ணிலும் படாமல் இருக்க அவளுக்கு ஒரு இடம் வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒற்றை அறையில் அவள் புடவை மாற்றுவது, தலை சீவுவது, அலுத்துப் போய்ச் சுவரில் சாய்வது எல்லாமே யாராவது ஒருவர் முன்னால்தான். பகலில் பெரியப்பா தூங்குவார். அண்ணனுக்கு வாரம் ஒரு ஷிப்டு. பெரியம்மா எப்போதும் இருப்பார். நல்ல மனிதர்கள்தான், ஒருவரும் கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் யாரோ பார்த்துக்கொண்டிருக்க, நல்லவர்கள் பார்த்தால் என்ன, கெட்டவர்கள் பார்த்தால் என்ன.

முதல் சனிக்கிழமை தேவைப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். பெரியப்பா கட்டில் ஒன்று போட்டால் நல்லது என்றார். பெரியம்மா சாமி மாடம் கேட்டார். அண்ணன், சைக்கிளை உள்ளே வைக்க இடம் வேண்டும் என்றார், வெளியே வைத்தால் காற்றைப் பிடுங்கி விடுகிறார்களாம். அக்காவின் முறை வந்தது. அவள் மாமியாரைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"எனுக்கு இன்னாமா? ஒரு தட்டி கிட்டி இருந்தா நல்லாருக்கும்."

"எதுக்குக்கா தட்டி?"

"சும்மாதான்."

பட்டியலில் நான் எழுதினேன்: அறையைப் பிரிக்க ஒரு தடுப்பு. நோக்கம் என்ற இடத்தில், அழகு என்று எழுதினேன். சும்மா என்றால் அழகுக்குத்தான் என்று முடிவு கட்டிய என் புத்தியை என்னவென்று சொல்வது.

அழகுக்குத் தடுப்பு என்றால் எனக்குப் புத்தகத்திலேயே விடை இருந்தது. திறந்த அடுக்குத் தடுப்பு. முதுகுப் பலகை இல்லாத உயரமான அலமாரி. தட்டுகளில் இரண்டு மண்ஜாடி, நாலு புத்தகம், தொங்கும் பச்சைச் செடி. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும், ஆகவே சின்ன அறையும் பெரிதாகத் தோன்றும், காற்று தடைபடாது. வண்ணம் தீட்டி எடுத்துப் போனேன். பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்றார். அவர் அப்படிச் சொல்வது வருஷத்துக்கு இரண்டு தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்தப் படத்தை அக்காவிடம் நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"அழகா கீதுமா. இதுல இந்தாண்ட இருந்து பாத்தா அந்தாண்ட தெரியுமா?"

"நல்லா தெரியும்க்கா. அதான் இதுல விசேஷமே."

"ஓ," என்றாள். படத்தைச் சுருட்டிக் கொடுத்தாள். "டீ குடிக்கிறியாம்மா?"

அந்த "ஓ"வை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவளையல்ல, என்னை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலைக் குறிப்பேட்டில் வீட்டுக்காரர் கையெழுத்து வாங்க வேண்டும். எட்டாவது வரை படித்த கையெழுத்தில், வட்டம் வட்டமாக, அன்றும் அவள் போட்டுக்கொடுத்தாள். "பயனாளருக்குத் திருப்தி" என்று அதற்கு மேலே நான் எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் எனக்கு ஒரு யோசனை. படத்தில் பார்த்தால் அவர்களுக்குப் புரியாது, அறையிலேயே நிஜ அளவில் கோடு போட்டுக் காட்டிவிடலாம். கோலமாவை எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் தரையில் உட்கார்ந்தோம். கல்லூரியில் எல்லாம் மீட்டர் கணக்கு. தாளைப் பார்த்து நான் அளக்க அளக்க, அக்கா நூல் பிடித்த மாதிரி மாவை இழுத்தாள். அலமாரி இங்கே, கட்டில் இங்கே, சைக்கிள் இங்கே. அரை மணி நேரத்தில் அறை முழுக்க வெள்ளைக் கட்டம். அக்கா அலமாரிக்குப் பின்பக்கமாகப் போய் நின்று பார்த்தாள். அங்கே போனதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் முதல் தடவையாக அவள் பல்லைப் பார்த்தேன்.

அப்போது பெரியப்பா தூங்கி எழுந்து, முகம் கழுவிவிட்டு வந்தார். கட்டங்களைப் பார்த்தார். சமையல் சாய்ப்பிலிருந்து ஒரு மூங்கில் கழியை எடுத்து வந்தார். அதில் அடி அடியாகக் கத்தியால் கீறி வைத்திருந்தார். வாசல் சுவரிலிருந்து என் அலமாரிக் கோடு வரை அளந்தார். அப்புறம் கோட்டிலிருந்து பின்சுவர் வரை அளந்தார்.

"இன்னாமா இது? இந்தாண்ட ஒம்போது, அந்தாண்ட ஏழு. ரெண்டுமே ஆவாத அளவாச்சே."

அறையின் உள்கூடு, அதாவது சுவருக்குச் சுவர் உள்ளளவு, இத்தனை அடி இருந்தால் நல்லது, இத்தனை இருந்தால் கெட்டது என்று மனையடிக் கணக்கு ஒன்று உண்டு. அது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் வீட்டில் மாட்டுக் கொட்டகைக்கே அந்தக் கணக்குப் பார்த்தவர் என் அப்பா. ஆனால் என் தாளில் இருந்தது 2.74 மீட்டர். அதைப் பார்த்து ஒன்பதடி என்று யாருக்குத் தோன்றும்? நல்லதா கெட்டதா என்று எந்த மீட்டருக்கும் கணக்கு எழுதி வைக்கவில்லையே. புத்தகத்தில் சொன்ன அழகான விகிதப்படி பிரித்ததில், இருப்பதிலேயே மோசமான இரண்டு எண்களை ஒரே கோட்டில் பிடித்திருக்கிறேன்.

"இந்த ஊடு பதினாறுக்குப் பத்து. கம்பெனி இஞ்சினியரு தெரிஞ்சி கட்னானோ தெரியாம கட்னானோ, உள்கூடு ரெண்டும் சுத்தமா கீது. அத அளந்து பாத்துட்டுத்தான் நான் குப்பத்த உட்டே வந்தேன்" என்றார். அதட்டவில்லை. துடைப்பத்தை எடுத்து, என் அலமாரிக் கோட்டை மட்டும் மெதுவாகப் பெருக்கினார். கட்டிலும் சைக்கிளும் அப்படியே இருந்தன. அக்கா மாவுக் கிண்ணத்தை மூடினாள். அந்தச் சிரிப்பு போய்விட்டிருந்தது.

ரயிலில் அழுகை அழுகையாக வந்தது. வேலை கெட்டுப்போனதே என்ற அழுகை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பொன்னேரி வரை அழுதுவிட்டு மூக்கைச் சிந்தினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் போனபோது வீட்டில் அக்கா இல்லை. அவள் அம்மா இறந்துவிட்டாராம். குப்பத்துக்குப் போயிருக்கிறாள், கருமாதி முடிந்துதான் வருவாள் என்று பெரியம்மா சொன்னார். என் குறிப்பேட்டில் இரண்டு சனிக்கிழமை கையெழுத்து இல்லாமல் போனது.

அவள் திரும்பி வந்த பிறகு நான் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. எப்போதும் போல இருந்தாள். டீ போட்டாள், டம்ளரை நன்றாகத் துலக்கிக் கொடுத்தாள். நான் ஏதோ தடுமாறி, அம்மாவுக்கு என்ன உடம்புக்கா என்றேன். "காமாலை," என்றாள். குரலில் ஒன்றுமில்லை. எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போனாள். மூன்றாம் தடவை அவள் போனதும், பெரியம்மா என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவ அழக்கூடாது பாப்பா. நான்தான் சொல்லி வெச்சிருக்கேன். எங்க குப்பத்துல, ஆம்பள தண்ணி மேல கீறப்போ ஊட்ல பொம்பள அழமாட்டா. அழுதா அங்க படகு தாங்காது."

"இங்க தண்ணி இல்லையே பெரியம்மா."

"நெருப்பு கீதே. எம்புள்ள உல வாயில நிக்கறான்."

நான் வாதாட வாயெடுத்தேன். படித்த பெண் அல்லவா. ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் இருந்தது அதிகாரம் இல்லை, பயம். மகன் சட்டையில் நெருப்புப் பொறி பட்ட ஓட்டைகளை அவர்தான் உட்கார்ந்து தைக்கிறார். வாயை மூடிக்கொண்டேன்.

ரயிலில் போகும்போதுதான் அந்தக் கணக்கு எனக்கு உறைத்தது. குப்பத்தில் படகு கரைக்கு வந்துவிடும். வந்த பிறகு அழலாம். இங்கே அண்ணனுக்குப் பகல் ஷிப்டு என்றால், அவர் வேலை முடிந்து வருகிற நேரம் பெரியப்பா கிளம்புவார். பெரியப்பா வருகிற நேரம் அண்ணன் கிளம்புவார். இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் ஆலையில்தான். மற்ற ஷிப்டு என்றால் இருவரும் பகலில் அந்த அறையிலேயே தூங்குவார்கள். அழுவதற்கு என்று ஒரு மணி நேரம்கூட அந்த வீட்டுக்குக் கிடையாது. பெரியம்மா இதை யோசித்துச் சொன்னாரா, யோசிக்காமல் சொன்னாரா தெரியவில்லை.

ஏழாம் வாரம் அக்கா என்னைக் குழாயடி வரை கூட்டிக்கொண்டு போனாள். குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் விழுகிற சத்தத்தில் கேட்டாள்.

"அந்த ஓட்ட அலமாரி வாணாம்மா. அடச்சாப்புல ஒண்ணு போடுவியா? அந்தாண்ட இருந்தா இந்தாண்ட யாருக்கும் தெரியக்கூடாது."

அப்போதுதான் அந்தப் பழைய "ஓ"வுக்கு அர்த்தம் விளங்கியது. பாதிதான் விளங்கியது. கல்யாணமானவர்கள், ஒரே அறை, மாமனார் மாமியார். எனக்கு இருபது வயது, காதெல்லாம் சூடாகிவிட்டது. "போடலாம்க்கா, போடலாம்" என்று குடத்தைப் பார்த்துச் சொன்னேன்.

பெரியப்பாவிடம் நான் தனியாகப் பேசத் துணியவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்துப் போனேன். சைக்கிள் நிறுத்தத்தான் தடுப்பு என்பது போல ஆரம்பித்தேன். அண்ணன், தன் மனைவியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். என்ன புரிந்ததோ, அப்பா பக்கம் திரும்பி, "போட்டுடலாம் நைனா. மிஷின் வந்த பொட்டிப் பலக நெறைய கீது, கேட்டா குடுப்பாங்க" என்றார்.

"பலகையோ செங்கல்லோ, சுவரு சுவருதான்" என்றார் பெரியப்பா.

"பத்தும் ஆறுமா பிரிச்சா?" என்றேன். வீட்டில் அப்பாவைக் கேட்டுக்கொண்டு போயிருந்தேன். பத்தும் நல்லது, ஆறும் நல்லது.

"பலக கனம் எங்க போவும்? ஒரு அடி அலமாரி வெச்சேன்னா ஒம்போதும் ஆறும் ஆயிடும்."

மனிதர் விடவில்லை. என் பேராசிரியைகூட அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்ததில்லை. நான் தாளைச் சுருட்டப் போனேன். அக்கா சமையல் சாய்ப்பின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பேசுகிற இடம் இல்லை அது. பெரியப்பா மூங்கில் கழியை மடியில் உருட்டிக்கொண்டே அவளையும் பார்த்தார், மகனையும் பார்த்தார். அப்புறம், யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"கல்லு வெச்சி அதும்மேல நிறுத்து. தரைய தொடக்கூடாது. கூரைய தொடக்கூடாது. ரெண்டு பக்கமும் சுவத்த தொடக்கூடாது. அப்போ அது சுவரு இல்ல, சாமான். சாமானுக்கு அளவு பாக்கறதில்ல."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் புதிதாக வரைந்தேன். எட்டடி அகலம், ஆறடி உயரம், ஒரு அடி ஆழம். வாசலைப் பார்த்த பக்கம் தட்டுகள், சாமி மாடம், துணி வைக்க இடம். பின்பக்கம் முழுக்க அடைத்த பலகை. நாலு மூலைக்கும் செங்கல். இடது சுவரில் இரண்டு விரல் இடைவெளி. வலது பக்கம் ஆள் நுழைய வழி, அதற்கு ஒரு பழைய புடவை. பின்னால், ஜன்னலோடு சேர்த்து, ஆறுக்குப் பத்தில் ஒரு வெற்றிடம்.

பேராசிரியை இரண்டாம் முறை பார்த்தபோது கண்ணாடியைக் கழற்றவில்லை. "அந்த முதல் டிசைன் எங்கே?" என்றார். வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றேன். அவர்களுக்குப் புரியவைப்பதும் உன் வேலைதானே என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. புரியாதிருந்தது யார் என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை.

மதிப்பெண் கதையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். முதல் வகுப்பு வரவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் வரைபடத்தில் அந்த வெற்றிடத்தைப் பென்சிலால் தட்டி, "இங்கே என்ன செய்வார்கள்?" என்று கேட்டார். சும்மா இருப்பார்கள் என்றேன். "அறுபது சதுர அடியை வீணாக்கியிருக்கிறாய்" என்றார். வீண் இல்லை சார் என்றேன். அதற்கு மேல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்கவில்லை. வீட்டில் யாரும் கோபிக்கவில்லை. முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கக்கூட எங்கள் வீட்டில் ஆள் இல்லை. நானாகவே இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து, மூன்றாம் நாள் பசிக்கிறது என்று எழுந்து வந்தேன்.

அலமாரியை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்தினோம். ஆலைத் தச்சர் ஒருவர் வந்து அறுத்துக் கொடுத்தார், அண்ணன் ஆணி அடித்தார். பெட்டிப் பலகையில் கறுப்பு மையில் அச்சடித்த அம்புக்குறிகள் இருந்தன. எந்தப் பக்கம் மேலே என்று காட்டுகிற அம்புகள். அதையெல்லாம் உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்க எனக்கு ஆசை. பெரியம்மா, இருக்கட்டும் பாப்பா, கோலம் மாதிரி இருக்கிறது என்றுவிட்டார். நின்று முடிந்ததும் பெரியப்பா கீழே குனிந்து, அலமாரிக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். நாற்காலி போட்டு ஏறி மேலேயும் பார்த்தார். பக்கத்து இடைவெளியில் இரண்டு விரலை நுழைத்தார். "சாமான்தான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

பத்தாம் வாரம் கடைசிக் கையெழுத்துக்குப் போனேன். அன்று குறிப்பேட்டில் பயனாளர் கருத்து என்று அரைப் பக்கம் எழுதி வாங்க வேண்டும். மத்தியானம். அண்ணன் பகல் ஷிப்டில் இருந்தார். பெரியப்பா ரேஷனுக்குப் போயிருந்தார். பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உள்ளே அக்கா எனக்குப் பாய் போட்டாள்.

"வசதியா இருக்காக்கா? இருக்கறத சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"நல்லா கீதுன்னு எழுதிக்க."

"யாரு எப்படி உபயோகப்படுத்தறாங்கன்னு எழுதணும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்தாள். என் காது சூடானதை அவளும் பார்த்திருப்பாள்.

"நீ நெனக்கறது இல்லமா. அவுருக்கு மாத்தி மாத்தி ஷிப்டு, வந்தா படுத்துடுவாரு. எனுக்குத்தான் அது." பாயின் ஓரத்தை நீவிவிட்டாள். "எங்கம்மாவ எடுத்தப்போ ஒரே கூட்டம். யாரையோ கவனிக்கறதும், யாருக்கோ டீ குடுக்கறதுமா பூட்ச்சி. இங்க வந்தா இந்த பேஜாரு. நான் இன்னும் எங்கம்மாவுக்கு அழவே இல்ல தெரியுமா?"

பேனாவை மூடினேன். அவள் என் கையிலிருந்து குறிப்பேட்டை வாங்கி, தானே பேனாவைத் திறந்து, வட்டம் வட்டமாகக் கையெழுத்தைப் போட்டாள். தேதியும் போட்டாள்.

"நீ போய் அத்தயாண்ட பேசிக்கினு இரு. நான் கொஞ்சம் அந்தாண்ட போய்ட்டு வரேன்."

புடவையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் போனாள். நான் வாசற்படிக்கு வந்து, பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்து கீரையை எடுத்துக்கொண்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்லியதாக ஒரு முனகல். அப்புறம் அது அழுகை என்று யார் கேட்டாலும் தெரிந்துவிடும் போல ஆனது. கண்ணுக்குத்தான் நான் பலகை அடித்திருந்தேன். காதுக்கு என்ன செய்வது என்று பத்து வாரத்தில் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. கீழே செங்கல் உயரத்துக்கு இடைவெளி, மேலே திறப்பு, பக்கத்தில் இரண்டு விரல். எல்லா வழியாகவும் வந்தது.

பெரியம்மாவின் கை கீரைக்காம்போடு நின்றது. மகன் உலை வாயில் நிற்கிற நேரம். எழுந்து போய் அவளை அடக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்தார். முறத்தை என் மடியில் வைத்தார். உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவர் அலமாரிப் பக்கம் போகவில்லை. சமையல் சாய்ப்புக்குள் நுழைந்து, அம்மியின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தார். குழவியை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார், இழுத்தார். கல்லும் கல்லும் உரசுகிற சத்தம் அந்தச் சின்ன வீட்டை அடைத்தது. அம்மியின் மேல் மிளகாய் இல்லை, தேங்காய் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. நான் முறத்தோடு நிற்பதைப் பார்த்தார். அரைப்பதை நிறுத்தவில்லை.

"நீயும் இன்னாத்தயாவது சத்தமா பேசு பாப்பா. சும்மா நின்னுக்கினு கீற."